பதினேழு

கிண்ணத்தில் ஒரு கைப்பிடி நெல்.
மூடியைத் திருகினால்
பத்தொன்பது புள்ளி இரண்டு என்கிறது கருவி.
பதினேழு வரைதான் வாங்கலாம்.

"காயப் போட்டுக் கொண்டாங்க."
மாசி பிறந்ததிலிருந்து
நான் அதிகம் சொன்ன வாக்கியம் இதுதான்.
மகனிடம்கூட இத்தனை வார்த்தை பேசவில்லை.

உத்திராபதி மூன்றாவது நாளாக வருகிறார்.
"எங்க காயப் போடுறது? வெயிலை நீ குடுக்குறியா?"
நானும் கத்தினேன்:
"எடை கொறைஞ்சா எஞ் சம்பளத்துல பிடிக்கிறாங்க,
நீங்களா கட்டுவீங்க?"

கத்திய பிறகுதான் தெரிந்தது
அது என் குரலே இல்லை.
போன வருஷம் மண்டல அலுவலகத்தில்
என்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவரின் குரல்.
அதே ஏற்றம்,
அதே "நீங்களா".

பருவகாலப் பட்டியல் எழுத்தர் என்பது பதவியின் பெயர்.
பருவம் முடிந்தால் பெயரும் போய்விடும்.
கழிப்பறை இல்லாததால்
காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை,
நாலு மணிக்குமேல் பின்மண்டையில் யாரோ
நெல் தூற்றுவார்கள்.
அக்கா போனிலிருந்து மகன் அழைப்பது
எப்போதும் நான் சிப்பம் எண்ணும்போது.
நூற்றுப் பன்னிரண்டில் போன் அடித்தால்
மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.
அதனால் அடிக்க விட்டுவிடுவேன்.

ஒரு மத்தியானம் யாருமில்லை.
உள்ளங்கையைக் கிண்ணத்தின்மேல் வைத்துப் பார்த்தேன்.
எண் வரவில்லை,
கோடு கோடாய் மினுக்கிவிட்டு அணைந்தது.
நெல்லைத் தவிர எதுவும் தெரியாது அதற்கு.

அன்று இரவு ஒன்றரை மணிக்கு
கோரையாற்றுப் பக்கமிருந்து காற்று திரும்பியது.
லாரி வராத ஆறு நாட்களின் சிப்பங்கள்
ஆயிரத்து எழுநூறு, வானத்துக்குக் கீழே.
சுமைதூக்குகிற சாமியப்பனும் நானும்
தார்ப்பாயின் இரண்டு முனை.
அதற்கு நாலு முனை உண்டென்பது
காற்று பிடுங்கியபோதுதான் புரிந்தது.

சிந்தின நெல்லைக் கூட்டுகிற தையல்நாயகி
தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு
மூன்றாவது முனைக்கு வந்தாள்.
நாலாவதைப் பிடித்திருந்த ஆளை
மின்னல் வெட்டியபோது பார்த்தேன்.
குவியலுக்குக் காவலாக அங்கேயே படுத்திருந்தவர்.
அவர் நெல்லின் மேல்
யாரோ ஒரு பிள்ளையின் காதணி விழா பேனர்,
பாதி பறந்து படபடத்தது.

"போங்க, உங்க நெல்லை மூடுங்க!"
"அதான் ஏற்கெனவே ஈரம்னு எழுதிட்டியே,
பிடிம்மா இழுத்து!"

சாமியப்பன் சிரித்துவிட்டான்.
நான் சிரித்தேனா என்று ஞாபகம் இல்லை.
வாயில் மழை இருந்தது.

விடிந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி வெயில்.
மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.
நிலையத்துச் சிமெண்டுக் களத்தில்
கொள்முதல் ஆகாத நெல்லைப் பரப்பக் கூடாது.
"பரப்புங்க" என்றேன்.
செருப்பைக் கழற்றிவிட்டு
பலகையோடு நானும் இறங்கினேன்.
கிழக்கிலிருந்து அவர் காலால் கிளறிக்கொண்டு வர
மேற்கிலிருந்து நான்.
நடுவில் சந்தித்தபோதெல்லாம்
இருவரும் நெல்லைப் பார்த்தோம்.

சாயங்காலம் மூடியைத் திருகினேன்.
பதினேழு புள்ளி ஆறு.
தையல்நாயகி விளக்குமாற்றோடு நின்று பார்த்தாள்.
ஆறைச் சுண்டுவிரலால் மறைத்துவிடலாம் போலிருந்தது.
மறைக்கவில்லை.

"நாளைக்கு" என்றேன்.
கருவியை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு
"நாளைக்கு" என்றார் அவரும்,
பேனரின் நாலு மூலையிலும் செங்கல் வைக்கப் போனார்.

இருட்டும் நேரம்,
அடுக்கை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நூற்றுப் பன்னிரண்டில் போன் அடித்தது.
அந்தச் சாக்கின்மேல்
சாக்கட்டியால் ஒரு கோடு கிழித்துவிட்டு
எடுத்தேன்.